மேப் பச்சையாத்தான் இருந்துச்சு

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

கொடைக்கானல் போறேன், ட்ரோன் ஃபுட்டேஜோட வர்றேன்னு போன எபிசோட்ல பெருசா சொல்லிட்டுப் போனேன். எங்கடா ஃபுட்டேஜ்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணிட்டீங்க. மொத்தம் நாலு நிமிஷம்தான் எடுத்தோம். அந்த நாலு நிமிஷமும் எடுத்திருக்கவே கூடாதுன்னு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அதனால அதை எங்கயும் போடல, போடவும் மாட்டேன். ஏன்னு சொல்றதுதான் இன்னைக்கு எபிசோட்.

நாங்க நாலு பேர். வியாழக்கிழமை ராத்திரி பஸ், விடிகாலைல வத்தலக்குண்டுல டீ, அங்கிருந்து காட் ரோடு. ரூம் போட்டது பூம்பாறைல. தெரியாதவங்களுக்கு: கொடைக்கானல் டவுன்ல இருந்து மன்னவனூர் போற ரோட்டுல இருக்கிற மேல்மலை கிராமம். படிப்படியா இறங்குற வயல், மலைப்பூண்டு, நடுவுல குழந்தை வேலப்பர் கோயில். மேல இருந்து பார்த்தா யாரோ உட்கார்ந்து வரைஞ்ச மாதிரி இருக்கும். ட்ரோன் வச்சிருக்கிற எவனுக்கும் அதைப் பார்த்தா கை அரிக்கும்.

ட்ரோன் என் ஃப்ரெண்டோடது. 250 கிராமுக்குக் கீழ, அதாவது நேனோ வகை. குரூப்ல பொறுப்பான ஆள்னு எனக்கு ஒரு பேர் இருக்கு, அதனால பர்மிஷன் வேலை என் தலைல. புதன்கிழமை ராத்திரியே டிஜிட்டல் ஸ்கை வான்வெளி மேப்பைத் திறந்து, பூம்பாறைக்கு ஜூம் பண்ணிப் பார்த்தேன். பச்சை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, "கிரீன் ஜோன் டா, ஜாலியா பறக்கலாம்"னு எழுதினேன். அந்த மெசேஜ் இன்னும் அங்கதான் இருக்கு. அடிக்கடி யாராவது ஒருத்தன் அதை எடுத்து ரிப்ளை பண்ணி என்னைக் கலாய்க்கிறான்.

சனிக்கிழமை காலை ஆறரை. மூடுபனி அப்பத்தான் பள்ளத்தை விட்டு எழும்புது. ரூமுக்குப் பின்னாடி இருந்த மேட்டுல நின்னு மேல ஏத்தினோம். குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்குச்சு, நாலு நிமிஷத்துல இறக்கிட்டோம். அப்புறம் குளிச்சு, எட்டரைக்கு மெயின் ரோட்டு டீக்கடை. ஃப்ரெண்டு ட்ரோன் பையை பெஞ்சுல வச்சான். கடைக்கார அண்ணன் பையைப் பார்த்துட்டுக் கேட்டார்:

"தம்பி, பறக்கவிடுற மிஷினா அது?"

"ஆமாண்ணே, ட்ரோன்."

"இன்னைக்கு எடுக்காதீங்கப்பா. நேத்து சாயங்காலமே ஆட்டோல மைக் வச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. பெரிய ஆளு யாரோ வர்றாங்களாம். மூணு நாளைக்கு எதையும் பறக்கவிடக் கூடாதாம்."

ஃப்ரெண்டு உடனே போனை எடுத்து என் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினான். "அண்ணே, கவர்மென்ட் மேப்லயே பச்சையா இருக்கு பாருங்க." அவர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு நிதானமா பார்த்தார். "பச்சையாத்தான் இருக்கு. ஆனா மைக்ல சொல்லிட்டாங்களே." சொல்லிட்டு வடை எடுக்கப் போயிட்டார்.

அந்த நேரத்துல எங்களுக்குச் சிரிப்புதான் வந்துச்சு. மேப்பா, மைக்கா! மதியம் மன்னவனூர் பக்கம் போயிட்டுத் திரும்பும்போதுதான் சிரிப்பு நின்னுச்சு. ஒரு ஹெலிகாப்டர். ஒத்திகையோ என்னவோ, மலை முகட்டை ஒட்டி, நாங்க நினைச்சதை விட ரொம்பத் தாழ்வா வந்துச்சு. சமவெளில ஹெலிகாப்டர் தலைக்கு மேல எங்கயோ போகும். மலைல அப்படி இல்ல. நாம மேட்டுல நிக்கிறோம், அது பள்ளத்தாக்கு வழியா வருது, கிட்டத்தட்ட நம்ம கண் மட்டத்துல. காலைல நாங்க ட்ரோன் விட்டதும் அதே பள்ளத்தாக்குதான். அதே உயரம்னு கூடச் சொல்லலாம். கார்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல.

யார் தப்புன்னு கேட்டா, என் தப்பு. ஸ்கிரீன்ஷாட் புதன்கிழமையோடது. தடை வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை காலைல நான் மேப்பைத் திறக்கவே இல்ல. மேட்டுல சிக்னலும் இல்ல, திறக்கணும்னு தோணவும் இல்ல. நம்ம பாஷைல சொன்னா, கேஷ்ல இருந்த பழைய டேட்டாவை லைவ் டேட்டான்னு நம்பி புரொடக்‌ஷன்ல தள்ளிட்டேன். ஆபீஸ்ல ஜூனியர் யாராவது இப்படிப் பண்ணியிருந்தா கோட் ரிவ்யூல வறுத்திருப்பேன்.

திரும்பி வந்ததும் சட்டத்தை எடுத்துப் படிச்சேன். ட்ரோன் விதிகள் 2021. அந்த வருஷம் ஆகஸ்ட் 25 வெளியாச்சு, மேப் செப்டம்பர் 24 வந்துச்சு. முன்னாடி இருந்ததை விட ரொம்பவே தாராளமான விதிகள். விமான நிலையத்தைச் சுத்தி 45 கிலோமீட்டர் வரைக்கும் இருந்த மஞ்சள் வட்டம் 12 கிலோமீட்டரா சுருங்கிச்சு. மதுரை ஏர்போர்ட்டோட வட்டம் பழனி மலை கிட்டயே வராது. அதனாலதான் கொடைக்கானலைத் தேடினா பச்சைப் பசேல்னு தெரியுது.

அந்த விதில பச்சை மண்டலம்னா என்னன்னு எழுதியிருக்கிற விதம்தான் என்னை உட்கார வச்சுச்சு. சிவப்புன்னோ மஞ்சள்னோ அறிவிக்கப்படாத வான்வெளி, தரையில இருந்து 400 அடி வரைக்கும், அதாவது 120 மீட்டர். புரியுதா? பச்சைங்கிறது யாரோ இந்த இடத்தை ஆராய்ஞ்சு, சரி, இங்க பறக்கலாம்னு முத்திரை குத்துனது இல்ல. வேற நிறம் யாரும் அடிக்காததால மிச்சம் இருக்கிறது. கோட் எழுதுறவங்களுக்கு ஒரே வரில சொல்லிடலாம்: அது ட்ரூ இல்ல, டிஃபால்ட் வேல்யூ. பூம்பாறைக்கு மேல நான் பார்த்த பச்சை "ஓகே" இல்ல, "இதுவரைக்கும் யாரும் கூடாதுன்னு சொல்லல". அந்த "இதுவரைக்கும்" புதன்கிழமை ராத்திரியோட முடிஞ்சு போச்சு.

இதே விதிகள்ல தற்காலிக சிவப்பு மண்டலம்னு ஒண்ணு இருக்கு. அவசரத் தேவை வந்தா மாநில அரசு ஒரு பகுதியை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 96 மணி நேரத்துக்குச் சிவப்பா அறிவிக்கலாம். எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி அறிவிக்கணும், பரப்பளவை நியாயமான அளவுல வைக்கப் பார்க்கணும், டிஜிட்டல் ஸ்கைல அறிவிச்சு மேப்ல காட்டணும். நல்லாவே யோசிச்சு எழுதியிருக்காங்க. அதுக்குப் பக்கத்துலயே நமக்கான வரி இருக்கு: பறக்கவிடுறதுக்கு முன்னாடி அந்த இடத்துக்கு ஏதாவது அறிவிப்போ தடையோ இருக்கான்னு பைலட் கட்டாயம் டிஜிட்டல் ஸ்கைல பார்த்தாகணும். பறக்கவிடுறதுக்கு முன்னாடி. ரெண்டு நாளைக்கு முன்னாடி வீட்டு சோஃபால படுத்துக்கிட்டுப் பார்க்கிறது கணக்குல வராது. மீறினா அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும். நேனோ ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம், சரி. ஆனா சிவப்பு மண்டலத்துல அனுமதி இல்லாம பறக்கக் கூடாதுங்கிறதுல நேனோவுக்குத் தள்ளுபடி இல்ல. "250 கிராமுக்குக் கீழன்னா எதுவுமே வேணாம் ப்ரோ"ன்னு ரீல்ஸ்ல சொல்றாங்க பாருங்க, அதைக் கேட்டுட்டு நானும் தலையாட்டிட்டு இருந்தவன்தான்.

சரி, அப்போ ஒவ்வொரு தடவையும் காலைல மேப்பைப் பார்த்துட்டா போதுமா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். 2024-ல நடந்ததைப் பாருங்க. ஏப்ரல் கடைசில முதலமைச்சர் ஸ்டாலின் ஓய்வுக்காகக் கொடைக்கானல் வந்தார். ஏப்ரல் 29-ல இருந்து மே 4 வரைக்கும் கொடைக்கானல்ல ட்ரோன், பலூன் பறக்கத் தடைன்னு மாவட்ட நிர்வாகம் சொல்லுச்சு, செய்திகள்ல வந்துச்சு. கணக்குப் போடுங்க. ஆறு நாள், 144 மணி நேரம். ட்ரோன் விதிப்படி ஒரு அறிவிப்புக்கு உச்சவரம்பு 96. பலூனோ, ட்ரோன் விதிக்குள்ளயே வராது. இதுல முரண்பாடு எதுவும் இல்ல. தடை போட நாட்டுல ஒரே ஒரு பட்டன்தான் இருக்குன்னு நாமதான் நினைச்சுக்கிறோம். கலெக்டருக்கு 144 தடை உத்தரவு மாதிரி தனி அதிகாரம் இருக்கு, இப்ப புதுச் சட்டத்துல அது 163-ஆம் பிரிவு. வனத்துறைக்குத் தனி அதிகாரம். 2013-ல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிச்சாங்க, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல. அந்தக் காட்டுக்குள்ள வான்வெளி பச்சையா இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாம பறக்கவிட முடியாது. ஆக, நாலு சர்வீஸ் தனித்தனியா "நோ" சொல்லலாம். நாம ஒரே ஒரு ஏபிஐயைக் கூப்பிட்டுட்டு, எர்ரர் வரலன்னா சக்சஸ்னு எடுத்துக்கிறோம்.

இதுல இன்னொண்ணு, மலைக்கே உரிய சிக்கல். கோக்கர்ஸ் வாக் போயிருப்பீங்க. 1872-ல லெப்டினென்ட் கோக்கர் போட்ட பாதை, மலைச் சரிவோட விளிம்புல போகும். அங்க அனுமதி எல்லாம் இருக்குன்னே வச்சுக்குங்க, ட்ரோனை 20 மீட்டர் ஏத்தி பள்ளத்தாக்கைப் பார்த்து முன்னால ஓட்டுறீங்க. ரிமோட்ல உயரம் 20 மீட்டர்னுதான் காட்டும். ஏன்னா அது கிளம்புன இடத்துல இருந்து அளக்குது. ஆனா அடியில தரை சரிஞ்சு இறங்கிக்கிட்டே போகுது. கொஞ்ச தூரம் போனதுமே ட்ரோனுக்கு நேர் கீழ இருக்கிற தரைக்கும் ட்ரோனுக்கும் நடுவுல 120 மீட்டரைத் தாண்டிடும். சட்டப்படி 400 அடிக்கு மேல மஞ்சள் மண்டலம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி வேணும். நீங்க ஒரு இன்ச் கூட மேல ஏத்தல, கலர் மாறிடுச்சு! மேப் தட்டையானது. பழனி மலை தட்டையானது இல்ல. தூண் பாறை, டால்பின் நோஸ், வட்டக்கானல்னு நாம படம் எடுக்க ஆசைப்படுற இடம் எல்லாமே விளிம்புதான்.

இந்தக் கதையை டெக்சாஸ்ல இருக்கிற என் சித்தப்பா பையன்கிட்ட புலம்பினேன். அவன் அங்க பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்திருக்கான். வார இறுதில வாடகைக்கு ஒரு செஸ்னா 172 எடுத்து ஓட்டுவான், வீட்டுல சித்தி ஒவ்வொரு தடவையும் சாமி கும்பிட்டுக்கிட்டு இருப்பாங்க. கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். "அண்ணா, இது எங்களுக்கு தினசரி சோறு"ன்னான்.

அமெரிக்கால இதுக்குப் பேர் டிஎஃப்ஆர், தற்காலிகப் பறத்தல் தடை. ஜனாதிபதி ஒரு ஊருக்குப் போனா அவரைச் சுத்தி வழக்கமா 30 நாட்டிகல் மைல் வட்டம், அதாவது 55 கிலோமீட்டர். அதுக்குள்ள 10 நாட்டிகல் மைல் உள்வட்டத்துல சின்ன விமானங்களுக்கு இடமே இல்ல. 55 கிலோமீட்டர்னா கொடைக்கானல்ல மையம் வச்சா பழனி, பெரியகுளம், தேனி எல்லாம் உள்ள வந்துடும். காட்டுத்தீன்னா ஒரு டிஎஃப்ஆர், ராக்கெட் விட்டா ஒண்ணு. 30,000 பேருக்கு மேல உட்கார்ற ஸ்டேடியத்துல பெரிய மேட்ச் நடந்தா, ஒரு மணி நேரம் முன்னாடில இருந்து ஒரு மணி நேரம் பின்னாடி வரைக்கும் அதுக்கும் ஒண்ணு. இதை எல்லாம் அவங்க விமானத் துறையான எஃப்ஏஏ ஆன்லைன் மேப்ல காட்டுது. கேட்க அருமையா இருக்குல்ல? ஆனா அந்த மேப்பை வச்சிருக்கிறவங்களே அதுல ஒரு எச்சரிக்கையும் போட்டிருக்காங்க: இது முழுப் பட்டியலா இல்லாம இருக்கலாம், இதை வச்சுப் பயணத்தைத் திட்டமிடாதீங்க, பைலட்டுகளுக்கான தகவல் நிலையத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்க.

மேப் போட்டவங்களே மேப்பை நம்பாதேன்னு சொல்றாங்க! முதல்ல எனக்கு இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற வேலை மாதிரி இருந்துச்சு. தம்பி வேற மாதிரி சொன்னான். "அண்ணா, மேப்ல வர்றது படம். சட்டம் அந்த எழுத்துல இருக்கு. படம் வரைய லேட் ஆகும், தப்பாகும். நான் ஆப்ல பார்ப்பேன், அப்புறம் போனும் போடுவேன். லைன்ல ஒரு ஆள் இருப்பாரு, நான் எங்க போறேன்னு கேட்டுட்டு, இந்த வழியில ஒண்ணு இருக்கு, பார்த்தியான்னு கேட்பாரு." பார்க்காம போறவங்களும் நிறைய. 2025 ஜனவரி 20 டிரம்ப் பதவியேற்றதுக்கு அப்புறம், ரெண்டு மாசம்கூட ஆகல, ஃபுளோரிடால அவர் வீடு இருக்கிற பக்கத்துல மட்டும் 20-க்கும் மேற்பட்ட விமானங்கள் தடையை மீறி உள்ள வந்துச்சுன்னு அவங்க ராணுவம் சொல்லுச்சு. போர் விமானம் பக்கத்துல வந்து வெளிச்சக் குண்டு போட்டு வழிமறிக்கும். ஞாயித்துக்கிழமை ஜாலியா கிளம்புனவன் ஜன்னல்ல எஃப்-16-ஐப் பார்க்கிறான். நினைச்சுப் பாருங்க.

அவன் சொன்ன "எழுத்து"தான் நோட்டாம். 2025 மே மாசம் வடக்கே 32 விமான நிலையத்தை மூடினப்போ டிவில நோட்டாம், நோட்டாம்னு கத்திக்கிட்டே இருந்தாங்களே, அதேதான். விமானிகளுக்கான அறிவிப்பு. அதைப் படிக்கணுமே, டெலிகிராம் காலத்துச் சுருக்கெழுத்து. ஒரு உதாரணத்துக்கு, கொடைக்கானலைச் சுத்தித் தடைன்னா "1014 வடக்கு 07729 கிழக்கு, ஆரம் 5 நாட்டிகல் மைல், 0030 முதல் 1230"ங்கிற மாதிரி வரும். அந்த 0030 ராத்திரி பன்னிரண்டரை இல்ல. யுடிசி நேரம், அஞ்சரை மணி நேரம் கூட்டணும், காலை 6 மணி. நான் ஆறரைக்குப் பறக்கவிட்டேன்னு ஞாபகம் இருக்கா? டைம்ஜோன் பக்குல மாட்டாத டெவலப்பரே உலகத்துல கிடையாது. இந்த எழுத்தைப் படிச்சு தானா வட்டம் வரையுற ஒவ்வொரு மேப்புக்குப் பின்னாடியும் அப்படி ஒரு டெவலப்பர் உட்கார்ந்திருக்கார்.

மனுஷன் படிச்சாலும் தப்பு நடக்குது. 2017 ஜூலைல சான் பிரான்சிஸ்கோல ஏர் கனடா விமானம் ஒண்ணு ராத்திரில ரன்வேன்னு நினைச்சு டாக்ஸிவேல இறங்கப் பார்த்துச்சு. அந்த டாக்ஸிவேல நாலு விமானம் ஆளோட வரிசையா நின்னுக்கிட்டு இருந்துச்சு. சில அடி உயர வித்தியாசத்துல தப்பிச்சாங்க. பக்கத்து ரன்வே மூடியிருக்குங்கிற தகவல் அந்த விமானிகள் கையில இருந்த நோட்டாம் கட்டுலயே இருந்துச்சு, பக்கம் பக்கமா வேற தகவலுக்கு நடுவுல. விசாரணையில அமெரிக்க பாதுகாப்பு வாரியத் தலைவரே நோட்டாம்களைக் குப்பைன்னு திட்டினார். ஆக, மைக்ல சொன்னா கேட்காம போகலாம், எழுதிக் கொடுத்தா கவனிக்காம போகலாம், வரைஞ்சு கொடுத்தா பழசா போகலாம்.

இவ்வளவு கவலைப்படணுமா, 250 கிராம் பொம்மைதானேன்னு கேட்கிறவங்களுக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் கதை. 2025 ஜனவரி, பாலிசேட்ஸ் காட்டுத்தீ. தீயணைக்க கனடாவோட கியூபெக்ல இருந்து சூப்பர் ஸ்கூப்பர் விமானம் வந்திருந்துச்சு. தண்ணிப் பரப்பை உரசிக்கிட்டே போய் வயித்துல தண்ணியை அள்ளிட்டு வந்து கொட்டுற விமானம். அந்தப் பகுதில பறக்கத் தடை அமல்ல இருக்கு. ஒருத்தர் சான்டா மோனிகால ஒரு பார்க்கிங் கட்டடத்து மேல இருந்து சின்ன ட்ரோன் ஒண்ணை விட்டார். எரிஞ்சதைப் பார்க்கணும்னு ஆசை. ரெண்டரை கிலோமீட்டர் போனதும் கண்ணுல இருந்து மறைஞ்சுடுச்சு. அது போய் அந்த விமானத்தோட இறக்கையில மோதி ஓட்டை போட்டுச்சு. நல்லவேளை, பத்திரமா தரையிறங்கிட்டாங்க. ஆனா ஊர் எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது அந்த விமானம் ரிப்பேருக்காக நின்னுச்சு. அவர் குற்றத்தை ஒத்துக்கிட்டார், 65,000 டாலருக்கு மேல நஷ்ட ஈடு, 150 மணி நேரம் சமூக சேவைன்னு ஒப்பந்தம். அவரோட வக்கீல் சொன்னதுதான் எனக்கு உறைச்சுது: ட்ரோன்ல இருக்கிற ஜியோஃபென்ஸிங் தடுக்கும்னு நம்பினார், அது தடுக்கல. நானும் அதே ஆள்தான். தப்புன்னா ஆப் சொல்லுமே, சொல்லலையே. என் பள்ளத்தாக்குல எதுவும் மோதல, அவ்வளவுதான் வித்தியாசம்.

பழனி மலைக்கு இது ரொம்பத் தூரத்துக் கதையும் இல்ல. கோடைல மேல்மலைல காட்டுத்தீ வராத வருஷம் அபூர்வம். 2018 மார்ச் 11, பக்கத்துல போடி மலைல குரங்கணி. மலையேறப் போனவங்கள்ல 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. நம்ம வயசு, நிறைய பேர் நம்மள மாதிரி வீக்எண்ட் ஆளுங்க. அப்ப மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்துச்சு. 2024 மார்ச்ல குன்னூர் பக்கம் தீப்பிடிச்சப்போ சூலூர்ல இருந்து எம்ஐ-17 ஹெலிகாப்டர் பெரிய வாளியைத் தொங்கவிட்டு அணையில தண்ணி மொண்டு ஊத்துச்சு. அடுத்த தீ மேல்மலைலயா இருந்தா அந்த ஹெலிகாப்டர் பறக்கப் போறது நாம ரீல்ஸ் எடுக்கிற அதே உயரம், அதே பள்ளத்தாக்கு. புகையை மேல இருந்து ஒரு ஷாட் எடுத்தா செம வியூஸ் வரும்னு யாராவது ஒருத்தருக்குத் தோணும். அந்த நேரத்துல மேப் என்ன கலர்ல இருக்கும்? தீ பிடிச்ச பத்தாவது நிமிஷத்துல எந்த மேப்பும் சிவப்பா மாறியிருக்காது. ஹெலிகாப்டர் அதுக்காகக் காத்திருக்கப் போறதும் இல்ல.

என்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா. வந்த அடுத்த வாரமே ஒரு ஆப் கட்ட ஆரம்பிச்சேன். ஒரு பின் போட்டா அந்த இடத்துக்கு வான்வெளி மண்டலம், நோட்டாம், காட்டு எல்லை, மாவட்டச் செய்தி எல்லாம் ஒரே இடத்துல. ரெண்டு சனி ஞாயிறு உட்கார்ந்தேன். நோட்டாம் படிக்கிற பகுதி நல்லாவே வந்துச்சு, தரை உயரத்தை வச்சு அந்த 120 மீட்டரைக் கணக்குப் போடுறதும் வந்துச்சு. மூணாவது வாரம் ஃப்ரன்ட் எண்ட். கடைசியா பெருசா ஒரு வட்டம் வரணும், அதுக்கு ஒரு கலர் வைக்கணும். எல்லா டேட்டாவும் க்ளீன்னா என்ன கலர் காட்டுறது? பச்சை போட்டேன். டெஸ்ட் பின்னா பூம்பாறையையே போட்டேன். திரையில அந்தப் பச்சையைப் பார்த்ததும் கை ஓடல. ஆட்டோ மைக்ல சொன்னதை எந்த ஏபிஐல இருந்து எடுப்பேன்? என் ஆப் பச்சை காட்டி, யாரோ ஒரு தம்பி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டு, ஜாலியா பறக்கலாம்னு எழுதினா?

பச்சையை எடுத்துட்டு சாம்பல் கலர் வச்சேன். "தடை எதுவும் கண்ணுல படல, போன் பண்ணிக் கேளுங்க"ன்னு எழுதி, கீழ பக்கத்து போலீஸ் ஸ்டேஷன், வனச்சரக அலுவலக நம்பருக்கு இடம் விட்டேன். ஃப்ரெண்டுகிட்ட காட்டினா, "இதுக்கு எதுக்குடா ஆப்பு, இது டெலிபோன் டைரக்டரி"ங்கிறான். நியாயம்தான். ரெப்போ இப்ப பிரைவேட்ல தூங்குது. எஃப்ஏஏ அந்த எச்சரிக்கையை ஏன் போட்டிருக்காங்கன்னு அன்னைக்கு ராத்திரிதான் முழுசா புரிஞ்சுது. போன் எடுக்க ஒரு ஆளை உட்கார வச்சிருக்காங்க பாருங்க, அதுல பாதியாவது நமக்கும் வேணும். ஒரே நம்பர், எடுத்தா தமிழ்ல பதில். அதைக் கேட்கிறது தப்பில்லன்னு நினைக்கிறேன்.

போன மாசம் மறுபடி பூம்பாறை போனோம். கிளம்புறதுக்கு முந்தின நாள் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணேன். எடுத்தவர் முதல்ல, எதுக்குத் தம்பி இதெல்லாம் கேக்குறீங்கன்னு சந்தேகமா கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் லைன்ல இருங்கன்னு யார்கிட்டயோ விசாரிச்சுட்டு வந்து, நாளைக்கு ஒண்ணும் இல்ல, காட்டுப் பக்கம் மட்டும் விட்டுடாதீங்கன்னார். ரேஞ்சர் ஆபீஸ்லயும் கேட்டுக்கிட்டேன். காலைல ரூம்ல வைஃபை இருக்கும்போதே மேப்பை மறுபடி திறந்தேன். பச்சை. அப்புறம் டீக்கடைக்குப் போய், "அண்ணே, மைக் ஏதும் வந்துச்சா?"ன்னு கேட்டேன். அவருக்கு எங்களை ஞாபகம் இருந்துச்சு.

"இன்னைக்கு வரல தம்பி. ஆனா காத்து ஜாஸ்தியா இருக்கு, அந்தத் தீப்பெட்டி தாங்குமா?"

தாங்காதுன்னுதான் எங்களுக்கும் பட்டுச்சு. அன்னைக்கும் பறக்கவிடல. ஃபுட்டேஜ் கேட்டவங்க மன்னிக்கணும். அந்தக் கடைல எடுத்த வடை போட்டோ இருக்கு, வேணும்னா போடுறேன். உங்க ஊர்ல இந்த மாதிரித் தடைன்னா எப்படித் தெரியவருது, மைக்கா, பேப்பரா, வாட்ஸ்அப்பா? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கலாம்.